ராத்திரி ஓடிய சாயம்

துணி நனைந்திருந்தது.

கைக்குச் சூடு தெரிந்தது. முடிச்சை அவிழ்க்காமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கண்ணின் வெள்ளையில் இலேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

"வெயில்ல காட்டுனா மஞ்ச எறங்கிரும்." நாத்தனார் வசந்தாமணி வாசலிலிருந்து சொன்னாள். "அப்பறம் சுர்ருனு அடிக்கும். இப்பவே கொண்டா அம்மிணி."

சன்னல் வழியாக வெயில் பாயின் ஓரம் வரைக்கும் வந்திருந்தது. அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

எல்லா வீட்டிலும் பச்சைப் பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவார்கள். இந்த வீட்டில் வெள்ளை வேட்டி தங்காது. அவள் புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவன் தொட்டதெல்லாம் ஏதோ ஒரு கலர்.

இது புதுத்துணி. மூத்த மகளைப் பார்க்கும் ஆராய்ச்சி டாக்டரம்மா கொடுத்து அனுப்பியது. வெள்ளையாக இருந்தால்தான் கறை தெரியும் என்று சொல்லியிருந்தார்.

பிரசவம் பார்த்த இடத்தில் பிள்ளையைப் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மூத்தவளைப் பற்றி அங்கே அவள் வாய் திறக்கவில்லை. வெள்ளையை எடுக்க இன்று காலையில்தான் மனசு வந்தது.

மூத்தவளுக்கும் துணியில்தான் ஆரம்பித்தது.

ரோஸ் கறை.

அவன் கைச்சாயம் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினாள்.

"கையக் கழுவிப்போட்டுத் தூக்குடான்னா கேக்கறானா? புள்ளைக்கும் சாயம் ஏத்தறான் பாரு" என்றாள் வசந்தாமணி. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கை கழுவினான். தோல் உரிந்தது. பிறகு பிள்ளையைத் தூக்குவதையே விட்டுவிட்டான்.

கறை அப்போதும் வந்தது.

அப்புறம் வெயில் பட்ட இடமெல்லாம் கொப்புளம். அப்புறம், முளைத்த பல்லெல்லாம் செம்மண் நிறம்.

பெரிய ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சிப் பிரிவில், போர்ஃபைரியா என்று பெயர் சொன்னார்கள். ரத்தம் சிவப்பாக வேண்டிய வேலை பாதியில் நின்றுபோகிறதாம். நின்றது உடம்பிலேயே தேங்குகிறதாம். வெயில் பட்டால் அதுதான் எரிக்கிறதாம்.

இருட்டறையில் ஊதா விளக்கைக் காட்டியதும் மூத்தவளின் துணி தணல் மாதிரிக் கனன்றது. சின்ன டாக்டர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

குடும்பத்தை வட்டமும் சதுரமுமாக வரைந்தார்கள். மற்ற ஜோடிகளுக்கு நடுவில் ஒரு கோடு. அவளுக்கும் அவனுக்கும் மட்டும் இரண்டு. அதைப் பார்க்க அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. சொந்தத்தில் கட்டினால் அப்படிப் போடுவது என்று பிறகு சொன்னார்கள்.

மருந்து இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. இப்போதைக்கு உள்ள வழி, கூடப் பிறந்த ஒன்றின் எலும்பு மஜ்ஜை. அது பொருந்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்த நோய் இருக்கக் கூடாது.

கூடப் பிறந்தது எதுவும் அப்போது இல்லை.

பெற்றுக்கொண்டால், நாலில் ஒன்றுக்கு வரலாம் என்றார்கள்.

"நாலுல ஒண்ணுதான?" விரலை மடக்கிக் கணக்குச் சொன்னவளும் வசந்தாமணிதான். "அந்த ஒண்ணுதான் வந்துருச்சே. மிச்சம் மூணும் நல்லதாத்தான் பொறக்கும். பயப்படாமப் பெத்துக்க."

அந்தக் கணக்கில் பிறந்தவன் இவன்.

உள்ளறையில் மூத்தவள் நிரஞ்சனா தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பொழுது இறங்கினால்தான் அவளுக்கு விடியும். இரண்டு கையிலும் விரல் நுனிகள் குட்டையாகிவிட்டன. நேற்று அந்தக் கையால் தம்பியின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவன் எனக்கு எப்பம்மா குடுப்பான்?"

கொஞ்சம் பெரியவனாகட்டும் என்று இவள் சொல்லியிருந்தாள்.

முடிச்சை அவிழ்த்தாள்.

ரோஸ்.

மடிப்பை விரித்துப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். நடுவில் அடர்த்தி. ஓரத்துக்குப் போகப்போக வெளுப்பு.

அவன் விடியற்காலையில்தான் வேலை முடிந்து வந்தான். அவள் குளிக்கப் போனபோது பிள்ளையைத் தூக்கினானாம். வசந்தாமணி சொன்னாள்.

தூக்கினால் துணியைத் தொட்டிருப்பான்.

தொட்டிருப்பான். கை ஈரமாக இருந்திருக்கும்.

எதைச் சொல்லி அன்றைக்கு அவனைத் திட்டினாளோ, அதையே இப்போது சாமியிடம் வேண்டினாள்.

"மாமா."

அவன் கொல்லையிலிருந்து வந்து நின்றான். அவள் நிமிரவில்லை. துணியை மட்டும் அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"ராத்திரி பட்டறையில என்ன கலர் ஓடுச்சுங்க மாமா?"

அவன் துணியைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். உள்ளறைக் கதவைப் பார்த்தான்.

வாசலில் வசந்தாமணி பாயை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது.

"செவப்பு" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"நல்ல செவப்பு. நாந்தான் கை கழுவாமத் தூக்கிட்டேன்."

அவள் மறுபடியும் தலையாட்டினாள்.

அவன் சன்னலிடம் போனான். இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினான்.

கொக்கியை மாட்டிய விரல்களில், நகக்கண் வரைக்கும் நீலம்.