அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

"தொடாதீங்க டாக்டர்!"

வயர் அண்ணன் போட்ட சத்தத்தில், ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மாவின் விரல் கம்ப்யூட்டர் பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவருடைய சொந்தப் பரிசோதனைக் கூடம், அவர் காசு போட்டு வாங்கிய கம்ப்யூட்டர். அதைத் தொடக் கூடாது என்கிறார், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிற ஆள்!

"புது பில்லிங் சாஃப்ட்வேர் போட்டிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணுன்னு சொல்லுது. பண்ணினா என்னவாம்?"

"சாயங்காலம் நானே பண்றேன். அதுவரைக்கும் யாரும் இதும் பக்கத்துல வர வேண்டாம்."

"ஒரு பொத்தானை அமுக்க உங்களுக்கு ஒரு நாள் வேணுமா?"

டாக்டரம்மாவுக்கு இந்த இழுப்பே பிடிக்காது. எதைச் சொன்னாலும் 'இருங்க, பாத்து செய்யலாம்' என்பதுதான் வயர் அண்ணனின் பதில். டாக்டரம்மாவுக்கோ எதிலும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கம்ப்யூட்டர் விஷயமும் தனக்கு அத்துபடி என்று வேறு ஒரு நினைப்பு.

வயர் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் காவல்காரர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"இங்க எடுக்கிற ரிசல்ட்டை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புற சாஃப்ட்வேர் இருக்குல்ல? அதை யாரோ அழிச்சிட்டாங்க டாக்டர்."

"அழிச்சா ரிசல்ட் எப்படிப் போகும்? காலையிலகூடப் போச்சே?"

"அழிக்கறதுக்கு முன்னாடி அதோட சர்வீஸை நிறுத்தல. ராப்பகலா அணைக்காத கம்ப்யூட்டர்ங்கறதால அது பாட்டுக்குப் பின்னாடி ஓடிக்கிட்டிருக்கு. வீட்டை வித்தாச்சு, குடியிருக்கறவர் இன்னும் காலி பண்ணல, அந்தக் கதைதான். ஒரு தடவை வெளியே போயிட்டார்னா திரும்ப உள்ளே விட மாட்டாங்க. இப்ப இதை அணைச்சா ஒரு ரிசல்ட்டும் போகாது. ஆபரேஷனுக்கு ரெடியா இருக்கறவங்க அங்கங்க அப்படியே படுத்துக் கிடக்க வேண்டியதுதான்."

"திரும்பப் போட்டுக்க முடியாதா?"

"அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. ஓடிக்கிட்டிருக்கறதுல இருந்தே ஒவ்வொரு ஃபைலா நகல் எடுத்தாகணும். அதான் டைம் கேக்கறேன்."

டாக்டரம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யார் அழிச்சது?"

வயர் அண்ணன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். தெரியாத விஷயத்துல கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

அவர் பார்வை ரிசப்ஷன் பெண்ணிடம் போய் நின்றது. நாள் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் அவள்தான். வேலைக்கும் புதிது.

"நீதானேம்மா?"

"சத்தியமா இல்ல டாக்டர்! எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது."

"தெரியாமத்தான் செஞ்சிருக்க. எடு உன் பையை!"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கணவர் கால் முறிந்து வீட்டோடு கிடக்கிறார். இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"அவங்களை விடுங்க டாக்டர்," என்றார் வயர் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான்தான் அழிச்சேன்."

"நீங்களா? இப்பத்தானே யாரோன்னு சொன்னீங்க?"

"சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"நல்ல கூச்சம்! சரி பண்ணிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. நாளையில இருந்து வர வேண்டாம்."

"ஆகட்டும் டாக்டர்."

அந்த மனிதர் முகத்தில் பதற்றம் துளிகூட இல்லை. அதுதான் டாக்டரம்மாவை இன்னும் எரிச்சல்படுத்தியது.

மத்தியானம் சாப்பிடக்கூட வயர் அண்ணன் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தார். திரை இருண்டது. ரிசப்ஷன் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் வந்தது. அடுத்த ரிசல்ட், போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அவள் சின்னப் பிள்ளைபோல் கை தட்டிவிட்டாள்.

விடைபெற்றுப் போக வயர் அண்ணன் டாக்டரம்மாவின் அறைக்குள் வந்தார். டாக்டரம்மாவுக்கு மனசு ஆறியிருந்தது. கண்டிக்க வேண்டியதைக் கண்டித்தாகிவிட்டது, இனிமேல் கொஞ்சம் பெருந்தன்மையும் காட்டலாம்.

"உக்காருங்க. தப்பை ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்காக இந்தத் தடவை மன்னிச்சு விடறேன். நாளைக்கு வந்துடுங்க."

"ரொம்ப நன்றி டாக்டர்."

"ஆனா ஒண்ணு கேக்கறேன். ஓடிக்கிட்டிருக்கறதை நிறுத்தாம அழிக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷ அனுபவம் உள்ள உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் டாக்டர்."

வயர் அண்ணன் எழுந்துபோய், பாதி திறந்திருந்த கதவை நன்றாகச் சாத்தினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"போன மாசம் லீவு நாள்ல தனியா வந்து, உங்க பாஸ்வேர்டைப் போட்டு, பழசையெல்லாம் அழிச்சு இடம் பண்ணீங்களே... அடுத்த தடவை அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க டாக்டர்."