தோல் நிறம்

ஓவிய வகுப்பில் மாஸ்டருக்குப் பெரிய தலைவலி அந்த டெய்லர்தான்.

“ஃபாவிசம்ங்கிற ஓவிய பாணின்னா உள்ள நிறத்தை அப்படியே வைக்கக்கூடாதுங்க. முகம்னாலும் பச்சை, நீலம்னு துணிஞ்சு அடிக்கணும்!”

டெய்லர் மண்டையை மண்டையை ஆட்டுவார். பிறகு மகளின் போட்டோவைப் பார்த்துப் பார்த்து, மறுபடியும் தோல் நிறத்தையே குழைப்பார்.

அன்று மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. கேன்வாஸில் ஈரமாக இருந்த ஆயில் பெயின்டைத் தட்டைக் கத்தியால் வழித்தெறிந்தார். கன்னத்தில் பச்சையும் உதட்டில் நீலமுமாகத் தானே அப்பினார்.

“பாருங்க, இப்பதான் முகத்துல உயிர் வந்திருக்கு!”

டெய்லர் வெகுநேரம் பார்த்தார்.

“ஆத்துலேருந்து தூக்கினப்போ இப்படித்தாங்க இருந்தா. அந்த முகமே கண்ணுல நிக்குது, மாஸ்டர். அதை மாத்திக்கத்தான் வரையக் கத்துக்க வந்தேன்.”