வெட்டிய மேப்பிளின் நிழல்

ஆகஸ்ட் வெயில் ஜப்பானின் யாமகாட்டா நகரத்து ஓட்டுக்கூரைகளை வறுத்தெடுக்கும் பிற்பகல் மூன்று மணி. ஹத்சுயே தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிபோஷிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிழலில் மட்டுமே செழிக்கும் அகன்ற இலைகள். அவற்றுக்குக் குடை பிடித்து நின்ற கிழட்டு மேப்பிள் மரத்தை அவள் கணவர் இவாவோ போன வாரம்தான் வெட்டிச் சாய்த்தார். மதிலோரத்துச் செடிகள் அதற்குள் ஓரம் கருகிக் காகிதமாய்ச் சுருண்டுவிட்டன. அடிமரத்தைச் சுற்றியிருப்பவை மட்டும் வாடவில்லை. இலைமேல் படிந்த நீலச் சாம்பல் பூச்சு கலையவில்லை, காலைப் பனித்துளிகூடக் காயவில்லை. தொட்டுப் பார்க்கிறாள். கிணற்றுக்குள் கைவிட்டதுபோல் விரல்கள் சில்லிடுகின்றன.

“ஏங்க, வெட்டுறதுக்கு முன்னாடி மரத்துக்குப் படைக்கச் சொல்லி உப்பும் சாக்கேவும் குடுத்தேனே, படைச்சீங்களா?”

“உப்பு தூவினேன். சாக்கே நல்ல சரக்குடி, மரத்துக்கு எதுக்கு அது? நானே குடிச்சிட்டேன்.” இவாவோ சிரித்தபடி அடிமரத்தின் மேல் ஏறி நிற்கிறார். நின்றவர் தோள்களைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார். “என்னடி, இங்க இப்படிக் குளுருது?”

ஹத்சுயே தரையைப் பார்க்கிறாள். மூங்கில் கழியில் காயும் துணிகளின் நிழல் தரையில் சாய்ந்து கிடக்கிறது. அவளுடைய நிழலும் கிடக்கிறது. கொளுத்தும் வெயிலில் நிற்கும் அவருக்கு மட்டும் நிழல் இல்லை.