கதவு சொல்லியனுப்பிய சேதி

பள்ளிக்கூடத்து இரும்புக் கதவுக்குத் தன் வேலையே பிடிக்காது. காலையில் வாழ்த்துப்பாட்டு தொடங்கியதும் அதைச் சாத்திவிடுவார்கள். பிறகு லேசில் திறக்கமாட்டார்கள். ஊர்க்கோடிப் பிள்ளைகள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிவருவார்கள். கதவுக்குப் பஸ் மேல்தான் கோபம்.

அன்று பாட்டுக்கு முன்பே பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் சிட்டாக உள்ளே பறந்தார்கள்.

"என்னப்பா, இன்னிக்குத்தான் உன் சோம்பல் தெளிஞ்சுதா?" என்றது கதவு.

"நான் என்னிக்குச் சோம்பிக் கிடந்தேன்? நாற்சந்தி நெரிசல்ல மாட்டிக்கிட்டு நின்னேன். இப்ப அங்க புது சிக்னல் வெச்சிருக்காங்க. நான் வர்றதைக் கண்டாலே பச்சை போட்டுடுது," என்றது பஸ்.



"திரும்பிப் போறப்ப அந்தப் புண்ணியவான்கிட்ட ஒரு சேதி சொல்லு," என்றது கதவு. "என் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழ இன்னிக்கு ஒருத்தரும் இல்லைன்னு சொல்லு."