சாவு வீட்டைத் தள்ளிவிடு

அஞ்சலாவுக்கு எந்தப் படமும் பிடிப்பதில்லை.

"ரெண்டே ரெண்டு பேரு ஆடுறதெல்லாம் ஒரு பாட்டா? பின்னால கூட்டம் வேணாமா?" என்று திட்டுவாள்.

சினிமாவில் ஆடப் போகிறேன் என்று இலங்கையின் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சென்னைக்குப் போன மகன் றெக்சன், மூன்று வருடமாகப் பேசவே இல்லை. உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் அவள் டிவி முன்னால் உட்கார்ந்து, பாட்டுப் பாட்டாக அவனைத் தேடுவாள்.

"முன்னால நிக்கிறவனுக்கு ஆடவே தெரியல. அந்தாண்ட போகச் சொல்லு, பின்னால உள்ள புள்ளைங்கள மறைக்கிறான்!"

"அம்மா, அவருதாம்மா ஹீரோ," என்பாள் மகள் ஜெனிஸ்டா.

படத்தில் சாவு வீடு வந்தால் மட்டும் அஞ்சலா கண்ணைப் பொத்திக்கொள்வாள். "தள்ளிவிடுடி! அண்ணன் செய்தி இல்லாம இருக்கறப்ப இதப் பார்க்கக் கூடாது."

அன்றைக்கு ஓடியது இந்த வருடத்துப் புதுப் படம். பாட்டுகளெல்லாம் முடிந்தன, அவன் இல்லை. ஒப்பாரி தொடங்கியது. ரிமோட் வேலை செய்யவில்லை.

"தள்ளிவிடுன்னா!"

ரிமோட்டைத் தட்டிய ஜெனிஸ்டா அப்படியே நின்றுவிட்டாள். "அம்மா... மாலை போட்டுப் படுக்க வச்சிருக்கிறது நம்ம அண்ணனத்தான்."

அஞ்சலா விரலை விலக்கிப் பார்த்தாள். எழுந்து திரையருகே போனாள்.

"மாதாவே! நெஞ்சப் பாருடி, ஏறி எறங்குது!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "ஒழுங்காச் சாகக்கூடத் தெரியாம என்னத்த நடிக்கப் போனான் என் புள்ள!"