மாடிக்கு ஒரு பெரிய தொட்டி

“தண்ணி பத்தலைங்க. மாடியில இன்னும் பெரிய தொட்டியா வைக்கலாமா?” என்றாள் மனைவி.

அணைக்கட்டுப் பொறியாளர் சிரித்துவிட்டார்.

“இருக்கிற தொட்டியே ஒரு நாளும் நிரம்பறதில்ல. குழாயில வர்றதுதானே கிடைக்கும்? தொட்டி பெருசானா தண்ணி பெருகிடுமா?”

“அணைக்கும் இதே கணக்குதானா?”

“பின்னே? ஆத்துல வரத்து இல்லாம சுவரை மட்டும் உயர்த்தினா, ஒரு சொட்டுகூட அதிகமா கிடைக்காது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“அப்போ உங்க அணையை உயர்த்தலாம்னு ஏன் கையெழுத்துப் போட்டீங்க? முழுகிடும்னு சொல்லி எங்கம்மா வீட்டை இடிச்சாங்களே, அந்த இடத்தை இன்னிக்கு வரைக்கும் தண்ணி எட்டிக்கூடப் பார்க்கலையே!”