நீலப் பட்டை

மானிட்டரில் படிந்திருந்த கரித்தூளைத் துடைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

மோகனப்ரியா உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் இன்டர்வியூ. பயோடேட்டா அவளுடைய பென் டிரைவில் இருந்தது. பிரின்ட் எடுக்க வேண்டும்.

கல்யாணமாகி எட்டு நாள். இந்தக் கம்ப்யூட்டரை அவள் தொடுவது இதுதான் முதல் தடவை.

நான் பின்னால் நின்றேன்.

கம்ப்யூட்டர் என் முதல் மனைவி அன்புக்கரசியின் பெயரில் இருந்தது. வாங்கிய அன்று அவள்தான் தன் பெயரைத் தட்டினாள். அவள் இறந்து பதினான்கு மாதம் ஆன பிறகும், ஆன் செய்தால் அந்தப் பெயர்தான் வந்துகொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு டில்லிபாபு வந்து மாற்றிக் கொடுத்தான். என்னோடு காலேஜில் படித்தவன். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறான். இப்போது ஆன் செய்தால் என் பெயர் வருகிறது.

ஆனால் அவன் மாற்றிய பிறகும் எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் மேலே நீலப் பட்டையில் அது இருக்கும் இடம் முழுதாக வந்தது. சி டிரைவ், டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், அன்புக்கரசி, மை டாக்குமென்ட்ஸ், லெட்டர்ஸ்.

நடுவில் அவள்.

"வெளிய பேர மாத்திட்டேன் மாமு. உள்ள கீற ஃபோல்டர் பேரு மாறாது. அத்த நோண்டினா சிஸ்டம் பேஜாராயிடும். ஃபார்மேட் அடிச்சா சுத்தமா பூடும். அடிக்கட்டா?" என்றான் டில்லிபாபு.

வேண்டாம் என்றேன்.

அவன் மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்ப ஒண்ணு பண்லாம். கீது, ஆனா தெரியாது."

டூல்ஸ், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ. முழுப் பாதையையும் தலைப்பில் காட்டு என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் இருந்தது.

அன்புக்கரசி போட்ட டிக். எதையாவது டைப் செய்து எங்கேயாவது சேமித்துவிட்டு நான் அரை நாள் தேடுவேன். "எங்க வெச்சோம்னே தெரியாம இன்னா குடும்பம் நடத்தற நீ?" என்று சிரித்துக்கொண்டே போட்டாள்.

டில்லிபாபு அதை எடுத்தான். பட்டையில் லெட்டர்ஸ் என்று மட்டும் நின்றது.

இதெல்லாம் பூவம்மா அத்தையின் சொல்லுக்காக. சம்பந்தம் பேசி முடித்தது அத்தைதான். பெண் பார்க்கப் போன அன்றே எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "ரெண்டு பேரும் பழசக் கிளறக் கூடாது. புர்தா?" என்றது.

தலையாட்டினோம். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சுவரிலிருந்த அன்புக்கரசியின் போட்டோவைக் கழற்றி, ஆணியையும் பிடுங்கியிருந்தேன்.

மோகனப்ரியா பென் டிரைவைச் செருகினாள். தானாகத் திறந்தது.

நீலப் பட்டையில் கருணா என்று இருந்தது.

மௌஸ் மேல் அவள் கை அப்படியே நின்றது. வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி பிரேக் போட்டுப் பெருமூச்சு விட்டது.

எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய இரண்டு இறப்புச் சான்றிதழ்கள் கேட்டார்கள். ஒன்று நான் கொடுத்தது. மற்றதில் அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன். கருணாகரன், வயது முப்பத்தொன்று.

முழுப் பாதையைக் காட்டினால் பென் டிரைவுக்கு 'இ' என்ற வெறும் எழுத்துதான் வரும். காட்டாவிட்டால் அதற்கு வைத்த பெயர் வரும். இது எனக்கு அதுவரை தெரியாது. டில்லிபாபுவும் யோசிக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது. டூல்ஸ், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ. எங்கும் தேடவில்லை. எத்தனை பிரவுசிங் சென்டரில் செய்த கையோ. கட்டத்தில் டிக். ஓகே.

கருணா போய் 'இ' நின்றது.

பிரின்ட் கொடுத்தாள். பிரின்டர் கடகடத்தது.

"ஒரு காப்பி இதுலயும் போட்டு வெச்சிக்கட்டா?" என்றாள், திரும்பாமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் லெட்டர்ஸைத் திறந்துவிட்டாள்.

சி டிரைவ். டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ். அன்புக்கரசி.

படித்தாள். உதடு லேசாக அசைந்தது.

கட்டம் ஒன்றுதான். டிக் இருந்தால் என் பக்கத்துப் பெயர் தெரியும். எடுத்தால் அவள் பக்கத்துப் பெயர்.

அவள் அதைத் தொடவில்லை. காப்பியை அங்கேயே போட்டாள். பென் டிரைவைப் பிடுங்கி, மூடியை மாட்டி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

பென் டிரைவின் பெயரை மாற்றுவது சுலபம். வலது பக்கம் ஒரு கிளிக், ரீநேம். அது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஹார்பர்ல கிரேன் ஓட்டினாரு," என்றாள்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஷேர் ஆட்டோ வரும் வரை கூட நின்றேன். அவள் ஏறி உட்கார்ந்ததும், "அவ டைப்பிங்ல ஹையர் பாஸ் பண்ணவ," என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஆட்டோ நகர்ந்தது.

உள்ளே வந்தேன். லெட்டர்ஸ் இன்னும் திறந்தே இருந்தது. மேலே பட்டையில் அன்புக்கரசி. கீழே கோப்புகளின் வரிசையில் கடைசியாக மோகனப்ரியா.

மௌஸைப் பிடித்தேன். விட்டுவிட்டேன்.

எழுந்து மேஜை டிராயரைத் திறந்தேன். பிறகு பரணைப் பார்த்தேன். சமையலறை அலமாரியையும் பார்த்தேன்.

ஆணியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.